வயல் நிறையத் தண்ணீர், பயிர் மட்டும் வாடுவது ஏன்?

மியான்மரின் ஐராவதிக் கழிமுகத்தில், பியாபோன் பக்கம் கோடை நெல் போட்டிருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "பிப்ரவரி கடைசியில் ஆற்றில் இன்ஜின் வைத்துத் தண்ணீர் ஏற்றினோம். வயலில் தண்ணீர் நிற்கிறது. ஆனாலும் சில நாளிலேயே இலை சுருண்டு நுனி காய ஆரம்பித்துவிட்டது. உப்புத் தண்ணீர் ஏறிவிட்டது என்கிறார் அப்பா. பள்ளிக்கூடத்தில் சவ்வூடு பரவல் படித்திருக்கிறேன். வேர்ச் செல் தண்ணீரை உறிஞ்சும் என்றுதான் எழுதினோம். அப்படியானால் இந்த நெல் ஏன் உறிஞ்சவில்லை? செல்லுக்குள் தண்ணீர் போவதும் வெளியே வருவதும் உண்மையில் எப்படி நடக்கிறது?"

அப்பா சொல்வதுதான் சரி, தம்பி. வயலில் நிற்பது தண்ணீர்தான், ஆனால் நெல் வேரால் எடுத்துக்கொள்ள முடியாத தண்ணீர். ஏன் முடியவில்லை என்று சொல்ல, கொஞ்ச நேரம் ஒரு செல்லுக்குள் இருந்து பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு விஷயம். தண்ணீரை இறைத்து உள்ளே தள்ளும் கருவி எதுவும் தாவரச் செல்லில் கிடையாது. பொட்டாசியம், சர்க்கரை போன்றவற்றைத் தன் சக்தியைச் செலவழித்துச் செல் உள்ளே ஏற்றும், வேண்டாததை வெளியே தள்ளும். தண்ணீரை அப்படிக் கையாள அதற்கு வழியில்லை. இப்படித் தண்ணீரில் கரைந்திருக்கும் கரைபொருளை எங்கே, எவ்வளவு வைத்துக்கொள்வது என்பது மட்டும்தான் செல்லின் வசம் இருக்கிறது. தண்ணீர் அதைப் பார்த்துத் தானாக நகரும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

செல்லின் வெளிப்புறம் செல்லுலோஸ் நாரால் ஆன சுவர். தண்ணீரும் உப்பும் அதன் வழியே தாராளமாகப் போய்வரும், அது எதையும் பெரிதாகத் தடுக்காது. சுவரை ஒட்டி உள்ளே இருப்பது பிளாஸ்மா சவ்வு. ஒரு மில்லிமீட்டருக்குள் ஒரு லட்சம் சவ்வுகளை அடுக்கிவிடலாம், அவ்வளவு மெல்லியது. தடுப்பது இதுதான். தண்ணீரை விடும், உப்பையும் சர்க்கரையையும் தன் வாசல்கள் வழியாக, தான் அனுமதிக்கும் அளவுக்கு மட்டும் விடும். முதிர்ந்த செல்லின் நடுவே வாக்குவோல் என்ற பெரிய சாற்றுப் பை இருக்கும். செல்லின் இடத்தில் பெரும்பகுதியை அதுவே பிடித்துக்கொள்ளும். பல செல்களில் 80, 90 சதவீதம் வரை போகும். செல்லின் தண்ணீர்க் கணக்கு முக்கியமாக நடப்பது அங்கேதான்.

சவ்வு கொழுப்பால் ஆனது. அதன் வழியே தண்ணீர் எப்படி இத்தனை வேகமாகப் போகிறது என்பது நெடுநாள் விடை தெரியாத கேள்வி. அமெரிக்காவில் பீட்டர் ஏக்ரே குழுவினர் 1992இல் ரத்தச் சிவப்பணுவின் சவ்வில் இருந்த ஒரு புரதம் தண்ணீருக்கென்றே உள்ள நுண்துளை என்று காட்டினார்கள். அக்வாபோரின் என்று பெயர். மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு நொடிக்கு நூறு கோடிக் கணக்கில் அதன் வழியே கடக்கின்றன. ஏக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நெல்லில் மட்டும் இந்தக் குடும்பத்துப் புரதங்கள் 33 வகை இருக்கின்றன. துளை தண்ணீரை விடுகிறது, அவ்வளவுதான். எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அது இல்லை.

அதைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று, எவ்வளவு கரைந்திருக்கிறது. இன்னொன்று, எவ்வளவு அழுத்தம் இருக்கிறது. இவை இரண்டையும் சேர்த்துச் சொல்லும் அளவுதான் நீரியல் திறன். சுத்தமான தண்ணீரின் நீரியல் திறனைப் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொள்வார்கள். அதில் எதைக் கரைத்தாலும் திறன் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும். அழுத்தினால் ஏறும். திறன் கூடிய இடத்தில் இருந்து குறைந்த இடத்துக்குத் தண்ணீர் போகும். மூலக்கூறுகள் இரண்டு பக்கமும் எந்நேரமும் போய்வந்துகொண்டுதான் இருக்கும், கூட்டிக் கழித்து எந்தப் பக்கம் அதிகம் என்பதைத்தான் சவ்வூடு பரவல் என்கிறோம்.

பள்ளிப் புத்தகம் இதில் பாதியைத்தான் சொல்கிறது: "செறிவு குறைந்த கரைசலில் இருந்து செறிவு கூடிய கரைசலுக்கு." அதோடு விட்டால் ஒரு கேள்வி நிற்கும். குளத்துத் தண்ணீரில் கிடக்கும் பாசிச் செல்லுக்குள் எப்போதும் வெளியைவிடச் செறிவு அதிகம். அப்படியானால் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருந்து அது வெடித்திருக்க வேண்டுமே? வெடிக்காததற்குக் காரணம் சுவர். சவ்வும் சுவரும் சைக்கிள் டியூபும் டயரும் மாதிரி. டியூப் உப்ப உப்ப டயர் அதை இறுக்கிப் பிடிக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. உள்ளே இழுக்கும் கரைபொருளின் பலமும் வெளியே தள்ளும் அழுத்தமும் சமமான இடத்தில் தண்ணீர் வரத்து நின்றுவிடும், உள்ளே செறிவு இன்னும் அதிகமாகவே இருந்தாலும் சரி. இந்த அழுத்தத்துக்கு விறைப்பழுத்தம் என்று பெயர். இலைச் செல்களில் சாதாரணமாக 3 முதல் 10 வளிமண்டல அளவு, அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல 3 முதல் 10 மடங்கு இருக்கும். கட்டை இல்லாத கீரைத் தண்டு நிமிர்ந்து நிற்பது இதனால்தான். நம் ரத்தச் சிவப்பணுவுக்குச் சுவர் இல்லை, அதைச் சுத்தமான தண்ணீரில் போட்டால் உப்பி வெடித்துவிடும்.

இனி எதிர்ப்பக்கம். இதைக் கண்ணால் பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. மேல்பக்கம் பச்சையும் அடிப்பக்கம் ஊதாவுமாக, தொட்டியில் அழகுக்கு வைக்கும் ரியோ செடியின் இலையை எடுங்கள். அடிப்பக்க ஊதாத் தோலை மெல்லிசாக உரித்து, தண்ணீர்ச் சொட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், ஓரம் வரை ஊதா நிரம்பிய செல்கள் நெருக்கமாகத் தெரியும். இப்போது பக்கத்தில் கெட்டியான உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, மறுபக்கம் ஒற்றுத் தாளால் உறிஞ்சி எடுங்கள். சில நிமிடங்களில் ஊதா நிறம் மூலைகளில் இருந்து விலக ஆரம்பிக்கும். செல்லின் வெளிக்கோடு அப்படியே இருக்கும், உள்ளே இருப்பது மட்டும் சுவரை விட்டுக் கழன்று சுருங்கி, கடைசியில் நடுவிலோ ஓரத்திலோ ஊதாக் குண்டாக நிற்கும். சுருங்கச் சுருங்க நிறம் அடர்ந்துகொண்டே போவதையும் கவனியுங்கள். சாயம் உள்ளேயே இருக்கிறது, தண்ணீர் மட்டும் போகிறது. சுவருக்கும் சவ்வுக்கும் நடுவே விழுந்த இடைவெளியில் நிற்பது வெளியில் இருந்து வந்த உப்புத் தண்ணீர். இதுதான் பிளாஸ்மா சிதைவு. உடனே உப்பைக் கழுவி நல்ல தண்ணீர் விட்டால் ஊதா மெல்ல விரிந்து மறுபடி சுவரைத் தொடும். நேரம் கடந்துவிட்டால் தொடாது. சவ்வு கிழிந்து சாயம் கசிந்து வெளியேறிவிடும். டச்சு விஞ்ஞானி ஹியூகோ டி விரீஸ் 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சுருக்கத்தை வைத்தே செல்லுக்குள் இருக்கும் சாற்றின் செறிவை அளந்தார். எந்தக் கரைசலில் செல்கள் சுருங்கத் தொடங்குகின்றனவோ அதை ஒட்டியதுதான் உள்ளே இருக்கும் செறிவு.

அவருக்கு முன்பே, 1748இல் பிரான்சில் நொலே என்பவர் பன்றியின் சிறுநீர்ப்பையைச் சாராயப் பாத்திரத்தின் வாயில் கட்டித் தண்ணீரில் முக்கியபோது அது உப்பிப் புடைத்ததைப் பார்த்து எழுதியிருக்கிறார். 1877இல் ஜெர்மனியின் பெஃபர் மண்ஜாடியின் துளைகளில் செயற்கைச் சவ்வை உண்டாக்கி அழுத்தத்தை அளந்தார். அந்த அளவுகளை வைத்து, இந்த அழுத்தத்தைக் கணக்கிடும் சூத்திரத்தைக் கண்டவர் டச்சு வேதியியலாளர் வான்ட் ஹாஃப். 1901இல் கொடுக்கப்பட்ட முதல் வேதியியல் நோபல் பரிசு அவருக்குத்தான்.

வீட்டில் நடப்பதும் இதேதான். மாங்காய்த் துண்டில் உப்புப் போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கும். அது மாங்காயின் செல்லில் இருந்து வந்த தண்ணீர். வாடிய புளிச்சக்கீரைக் கட்டின் அடித்தண்டைப் புதிதாக நறுக்கித் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். அதே கீரையை ஒரு கொதி விட்டபின் எத்தனை நேரம் தண்ணீரில் போட்டாலும் நிமிராது. கொதியில் சவ்வு போய்விட்டது, கரைபொருளைப் பிடித்து வைக்க ஆளில்லை. யாங்கோன் தெருமுனையில் கூன்யா என்ற வெற்றிலைப் பாக்கு மடித்துக் கொடுப்பவர் வெற்றிலை அடுக்கின் மேல் அடிக்கடி தண்ணீர் தெளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெற்றிலையின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் தெளித்த தண்ணீர் இலைக்குள் அதிகம் போகாது. சுற்றியிருக்கும் காற்றை ஈரமாக வைத்து, இலை தண்ணீரை இழக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் முக்கிய வேலை.

சரி, வேருக்கு வருவோம். மண் ஈரம் வேர்த்தோலின் சுவர்கள் வழியாக, செல்லுக்குள் நுழையாமலேயே கொஞ்ச தூரம் உள்ளே போகலாம். ஆனால் வேரின் உள் அடுக்கு ஒன்றில், செல்களின் பக்கச் சுவர்களைச் சுற்றி மெழுகு போன்ற பட்டை போட்டு அடைத்திருக்கும். காஸ்பேரியன் பட்டை என்பார்கள். அந்த இடத்தில் எந்தத் தண்ணீரும் ஏதாவது ஒரு சவ்வைக் கடந்தே ஆக வேண்டும். அங்கே வேர் தன் உப்புகளை உள்ளே, நடுக்குழாய்ப் பக்கம் ஏற்றி வைக்கிறது. தண்ணீர் பின்தொடர்கிறது. விடியற்காலையில் நாற்றங்காலுக்குப் போனால் ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரு துளி நிற்கும். எல்லாரும் பனி என்பார்கள். பனியானால் இலை முழுதும் படிந்திருக்கும். நுனியில் மட்டும் முத்தாக நிற்பது இரவெல்லாம் வேர் தள்ளி அனுப்பிய தண்ணீர். வேரின் இந்தத் தள்ளல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வளிமண்டலத்தைத் தாண்டாது. பகலில் பெரிய மரத்தின் உச்சி வரை தண்ணீர் ஏறுவதற்கு இது போதாது. அப்போது இழுப்பது இலையில் இருந்து ஆவியாகும் நீர்.

இப்போது உங்கள் வயலுக்குக் கணக்குப் போடலாம். நல்ல தண்ணீர் நிற்கும் வயல் மண்ணின் நீரியல் திறன் ஏறக்குறைய பூஜ்ஜியம். நெல் செல்களின் சாறு இழுக்கும் பலம் 10 வளிமண்டலத்தைச் சுற்றி இருக்கும். எனவே வேருக்குச் சிரமமே இல்லை. கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு, அதன் இழுப்பு 25 வளிமண்டலத்துக்குக் குறையாது. கடல் நீரே வந்து நின்றால் வேரில் இருந்து தண்ணீர் வெளியே போகுமே தவிர உள்ளே வராது. ரியோ இலையில் பார்த்தது அப்படியே வேரில் நடக்கும்.

2008 மே 2ஆம் தேதி நர்கிஸ் புயல் ஐராவதிக் கழிமுகத்தில் கரை ஏறியபோது கடல் உள்நாட்டுக்குள் புகுந்தது. லபுட்டா, போகலே, பியாபோன் பக்கங்களில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக சுமார் 1,38,000 பேர். அந்தக் கணக்கின் முன் வயலைப் பற்றிப் பேசவே மனம் வராது. ஆனால் பிழைத்தவர்கள் அடுத்த போகத்தை அந்த உப்பு மண்ணில்தான் விதைக்க வேண்டியிருந்தது. பின்னாலேயே வந்த பருவமழை உப்பைப் பெருமளவு கழுவிக்கொண்டு போனது. உப்புத் தண்ணீர் வடிய வழியில்லாமல் தேங்கிய பள்ளங்களில்தான் பயிருக்குச் சிரமம் நீண்டது.

உங்கள் வயலில் நிற்பது முழுக் கடல் நீர் இல்லை. கோடையில் ஆற்றின் வரத்து குறையும்போது ஓதத்தோடு, அதாவது கடல் பொங்கும் நேரத்தில், கடல் நீர் மேலேறி ஆற்றில் கலந்துவிடுகிறது. லிட்டருக்கு இரண்டு, மூன்று, ஐந்து கிராம் என்று உப்பு இருக்கலாம். இரண்டு கிராமுக்கு ஒன்றரை வளிமண்டல இழுப்புதான். பத்து உள்ளவன் ஒன்றரைக்குப் பயப்படுவானேன் என்று தோன்றும். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். செல் வளர்வதற்கு விறைப்பு வேண்டும். உள்ளிருந்து அழுத்தினால்தான் இளம் சுவர் நெகிழ்ந்து நீளும். அந்த அழுத்தம் கொஞ்சம் இறங்கினாலே, வாடல் கண்ணுக்குத் தெரியும் முன்பே, வளர்ச்சி குறைந்துவிடும். மண்ணின் ஈரத்தில் உப்பு லிட்டருக்கு சுமார் 2 கிராமைத் தாண்டும்போதே நெல் விளைச்சல் இறங்க ஆரம்பிக்கிறது என்பதற்கு இது ஒரு காரணம். அதோடு, வயலில் நிற்கும் தண்ணீர் வெயிலில் ஆவியாகும்போது உப்பு பின்தங்கிவிடும். ஏற்றிய அன்று 3 கிராம் இருந்தது, தண்ணீர் பாதியாக வற்றும்போது 6 கிராம். புதுத் தண்ணீர் அதன்மேல் இன்னும் உப்பைக் கொண்டுவந்து சேர்க்கும்.

இலை சுருண்டதும் நுனி காய்ந்ததும் இரண்டு தனி விஷயங்கள். சுருள்வது தண்ணீர்க் குறையால். நெல் இலையின் மேல்பக்கம் வரிசையாகப் பெரிய குமிழ் போன்ற செல்கள் இருக்கின்றன. அவை விறைப்பை இழந்ததும் இலை நீளவாக்கில் மடங்கி, வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்ளும். இலைத்துளைகளும் மூடிக்கொள்ளும். துளையைக் காக்கும் இரண்டு செல்கள் பொட்டாசியத்தை வெளியே விட, தண்ணீரும் கூடவே போய் அவை தளர்கின்றன. தொட்டாற்சிணுங்கியின் இலை மடிவதும் இதே முறைதான், அங்கே காம்படியில் இருக்கும் செல்கள் நொடிக்குள் செய்துவிடும். இந்த நிலையில் நல்ல தண்ணீர் கிடைத்தால் நெல் மீளும். நுனி காய்வது மெதுவாக வரும் சேதம். வேரைத் தாண்டி உள்ளே நுழைந்த சோடியம் தண்ணீரோடு இலைக்குப் போய், தண்ணீர் ஆவியான பிறகு அங்கேயே தங்கிவிடுகிறது. பழைய இலைகளில், நுனியில் இருந்து, அது சேரச் சேரச் செல் செத்துப்போகிறது. காய்ந்த நுனி திரும்பப் பச்சையாகாது. புது இலை வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கழிமுகத்து அலையாத்தி மரங்கள் மட்டும் எப்படிச் சமாளிக்கின்றன என்று அடுத்துக் கேட்பீர்கள். அவை தங்கள் இலைச் சாற்றைக் கடல் நீரைவிடச் செறிவாக வைத்துக்கொள்கின்றன. சுரபுன்னை உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே நிறுத்திவிடும். வெண்கண்டல் கொஞ்சத்தை உள்ளே விட்டு, இலைச் சுரப்பிகள் வழியே வெளியே தள்ளும். வெயில் ஏறியபின் அதன் இலையை விரலால் தடவிப் பாருங்கள், உப்புப் பொடி ஒட்டும். வாக்குவோலில் சோடியத்தைப் பூட்டி வைத்து, அதற்கு ஈடாகச் செல்லின் மற்றப் பகுதியில் தீங்கில்லாத கரைபொருள்களை உண்டாக்கி வைப்பதற்கு நிறையச் சக்தி செலவாகும். நெல்லுக்கு அந்த வசதி குறைவு. கேரளத்தின் பொக்காளி போன்ற சில நாட்டு ரகங்கள் சோடியத்தை ஓரளவு தடுத்து நிறுத்தும்.

இதோடு இன்னொன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மழைக்காலத்தில் மிளகாய்ப் பாத்தியில் நல்ல தண்ணீர் தேங்கினாலும் செடி வாடும். அங்கே உப்பு இல்லை. மண்ணில் காற்று இல்லாமல் வேர் மூச்சுத் திணறுகிறது, செல்லுக்குள் அமிலம் ஏறுகிறது, அக்வாபோரின் துளைகள் மூடிக்கொள்கின்றன. நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றுப் பாதை இருப்பதால் அது தப்பிக்கிறது. வாடல் பார்வைக்கு ஒன்று, காரணம் வேறு. மிளகாய்க்கு வடிகால் வெட்டினால் போதும்.

வீட்டில் சோதித்துப் பார்க்க விரும்பினால் உருளைக்கிழங்கை ஒரே நீளத்தில் குச்சி குச்சியாக நறுக்கி மூன்று கிண்ணத்தில் போடுங்கள். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் லிட்டருக்கு 9, 10 கிராம் உப்பு, ஒன்றில் 35 கிராம். ஒரு மணி நேரம் கழித்து வளைத்துப் பாருங்கள். முதலாவது விறைத்து ஒடியும். நடுவில் உள்ளது அதிகம் மாறியிருக்காது, கிழங்குக்குக் கிழங்கு கொஞ்சம் வித்தியாசப்படும். மூன்றாவது தொய்ந்து விரலில் சுற்றிக்கொள்ளும். உங்கள் ஆற்றுத் தண்ணீரில் நான்காவதாக ஒன்றைப் போட்டுப் பார்க்கலாமே என்று நினைக்காதீர்கள். லிட்டருக்கு 3 கிராம் உப்பை உருளைக்கிழங்கு காட்டிக்கொடுக்காது, நெல்லுக்கோ அதுவே அதிகம். தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை வைத்து உப்பைக் காட்டும் மின்கடத்து அளவி என்ற சின்னக் கருவியால் அளப்பதே நம்பகமானது.

இப்போது செய்ய வேண்டியது: வயலில் நிற்கும் தண்ணீரை வற்றவிடாமல் வடித்துவிடுங்கள். மறுபடி ஏற்றுவதானால் ஓதம் நன்றாக வடிந்து முடியும் நேரத்தில் ஏற்றுங்கள், அப்போதுதான் ஆற்றில் உப்பு குறைவு. ஏற்றும் முன் அளந்து பாருங்கள். பயிர் தேறும் வரை யூரியா போட வேண்டாம். அதுவும் கரைபொருள்தான், மண் நீரின் இழுப்பைக் கூட்டும். தூர் கட்டும் பருவத்தில் நெல் கொஞ்சம் உப்பைத் தாங்கும். இரண்டு மூன்று இலை நாற்றாக இருக்கும்போதும், கதிர் உருவாகிப் பூக்கும்போதும் தாங்காது. உங்கள் பயிர் இப்போது கதிர் கட்டத் தொடங்கியிருந்தால், குளத்திலோ கிணற்றிலோ கிடைக்கும் நல்ல தண்ணீரை எல்லா வயலுக்கும் பங்கு போடாமல், முன்னதாகப் பூக்கும் வயலுக்கு மட்டும் முதலில் கொடுங்கள்.